மூலைக்குழி

இன்குபேட்டரின் கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருகிய மறுநொடியே ஜெசிந்தாவுக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. மூலைகளை அழுத்தினோமா? பிளேட்டின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளை நடுவில் கட்டைவிரலால் தேய்த்தது நினைவிருக்கிறது. நீளவாட்டில் இரண்டு பக்கமும் தேய்த்தது நினைவிருக்கிறது. மூலைக்கு வரும்போதுதான் கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது. திருச்சியிலிருந்து அம்மாவாகத்தான் இருக்கும், கையில் ரப்பர் உறை, எடுக்க முடியாது, அடித்து ஓயட்டும் என்று நின்றாள், ஓய்ந்தது, பிளேட்டைத் தூக்கி உள்ளே வைத்தாள். இடையில் மூலைகளை அழுத்தினாளா, இல்லை அழுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டாளா? அந்த இடம் மட்டும் மண்டைக்குள் வழித்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறந்தால் உள்ளே காத்துவைத்த சூடு போய்விடும், அப்புறம் பிளேட் முழுக்கச் சந்தேகமாகிவிடும். ஒரு குழிக்காக மற்றவர்களுடைய குழிகளையெல்லாம் கெடுப்பதா? ஒரு மணி நேரம் அந்தக் கதவு சாத்தியே இருக்க வேண்டும், அவள் இந்த ஸ்டூலில் உட்கார்ந்தே இருக்க வேண்டும், சந்தேகமும் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும். உட்காரட்டும். காஸை அணைத்தோமா, அறையைப் பூட்டினோமா, குழாய்களில் நம்பரைச் சரியாக எழுதினோமா என்று தினம் ஏதாவது ஒரு ரூபத்தில் வருகிற ஆள்தான். ஆனால் இன்றைக்கு அதன் முகம் தம்பி பிரிட்டோவின் முகமாக இருந்தது.

பிளேட் என்று லேபில் சொல்வது ஓர் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. பொம்மைக்குப் பணியாரம் சுடுகிற கல் மாதிரி வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் மூளைச் செல்லில் இருக்கிற ஒரு புரதம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஒவ்வொரு நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு சொட்டு. கிருமியை அடிக்க வேண்டிய ஆன்டிபாடி, ஆள் தெரியாமல் சொந்த மூளையையே அடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அடிக்கிற ஆன்டிபாடி இருந்தால் கடைசியில் குழி நிறம் மாறும், இல்லாவிட்டால் வெறும் தண்ணீராகக் கிடக்கும். மனம் பிறழ்ந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் வெகு சிலருக்கு இப்படி இருக்கலாம், அந்த வெகு சிலருக்கு வைத்தியமே வேறு, சரியான வைத்தியம் கிடைத்தால் அவர்களில் பலர் எழுந்து பழையபடி சாப்பிட்டுப் பழையபடி சிரித்துப் பழையபடி சண்டை போடுவார்கள். இதை எத்தனை பேருக்கு எத்தனை விதமாகச் சொல்லியாகிவிட்டது. வருஷா வருஷம் வேலையை நீட்டித்துத் தருகிற கமிட்டிக்கு ஒரு விதமாக, பொன்மலைக் கோயிலில் பூசை முடிந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "பொண்ணு என்ன டாக்டரு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விதமாக. ஊசி போடாத டாக்டர் என்று சொன்னால் யாரும் விடுவதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனபோது எதிர்வீட்டு மாமா தன் முட்டி எக்ஸ்ரேயை உறையோடு கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். அவளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பு நன்றாக வெள்ளையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். பிரிட்டோ அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "எலும்பு வெள்ளையா இருக்காம்!" என்று திரும்பத் திரும்பச் சொல்லி. அதுதான் கடைசியாக அவன் வாய்விட்டுச் சிரித்தது என்று அப்போது யாருக்குத் தெரியும். தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கோமாளித்தனம் செய்திருப்பாள்.

கையுறையைக் கழற்றிவிட்டு அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். மணி அடிக்கும்போதே ஃப்ரீசர்களின் இரைச்சலுக்குள் வேறு ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது, கவனித்தால் இல்லை. அம்மா எடுத்தவுடன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அப்படியென்றால் அவன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான்.

"ஜெசி, இன்னைக்கும் மாத்திரை போடலடி. டம்ளர்ல தண்ணி வச்சு நீட்டினா, அக்கா ரிசல்ட் சொல்லட்டும்ங்கறான். தோசைக்குள்ள வச்சுக் குடுத்தேன், பிச்சுப் பாத்துட்டான். அதுலேருந்து தோசையும் திங்க மாட்டேங்கறான்."

"தோசைக்குள்ள வைக்காதம்மா. அப்புறம் உன்னையும் நம்ப மாட்டான்."

"நான் என்னடி செய்யட்டும்? நீதான் ரத்தத்தை எடுத்துட்டுப் போன. எப்ப சொல்லுவ?"

"இன்னைக்குச் சொல்றேம்மா."

"நல்லதாச் சொல்லு," என்றாள் அம்மா. மகள் கையில்தான் எல்லாம் இருக்கிற மாதிரி.

நல்லது என்றால் எது. அங்கேதான் ஒவ்வொரு முறையும் போய் முட்டிக்கொள்கிறது. பிரிட்டோவுக்கு ஆரம்பித்ததே ரத்தத்தில்தான். துவாக்குடியில் பைப் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற வேலை, கையில் எப்போதும் பைப்பைக் கவ்வித் தடிமன் அளக்கிற ஒரு வெர்னியர், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலும் திருப்பி அனுப்புகிறவன். கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் நடத்தி எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் அவன் சொன்னான், எடுக்கும்போதே எதையோ உள்ளே ஏற்றிவிட்டார்கள் என்று. அப்புறம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அப்புறம் ஏற்றியவர்கள் பேசிக்கொள்வது கேட்கிறது என்றான். வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் பெட்டிகளைக் கோக்கிற ஷன்டிங் யார்டிலிருந்து, மின்விசிறியிலிருந்து, கடைசியில் எங்கிருந்தும் இல்லாமல். "என் ரத்தத்துல ஏதோ இருக்குக்கா. அதுதான் என் மண்டையைத் தின்னுது." போனில் இதைக் கேட்டபோது ஜெசிந்தா இதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், எதிரே கம்ப்யூட்டர் திரையில் அவளே எழுதிய திட்ட அறிக்கை திறந்து கிடந்தது, அதன் முதல் வரியும் கிட்டத்தட்ட அதுதான். நோயாளியின் ரத்தத்தில் உள்ள ஒன்று மூளையைத் தாக்குகிறது என்பது எங்கள் கருதுகோள். அவன் சொன்னால் பிரமை, அவள் எழுதினால் கருதுகோள், அதற்கு மூன்று வருஷத்துக்கு நிதி வேறு. அன்றைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மனநல டாக்டர் வீட்டாருக்குச் சொல்லி அனுப்பியது ஒரே ஒரு விஷயம்: அவர் சொல்வதை ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். அம்மாவால் இரண்டில் ஒன்று சொல்லாமல் இருக்கவே முடியவில்லை. மகளாலும்தான். அவன் பைத்தியமாக இருக்கக் கூடாது, அவன் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று மகளுக்கு இருந்தது. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாயிருக்கும் அளவுக்கு இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தாயிற்று, இல்லை என்று வந்தாயிற்று. ஆனால் அங்கே பார்ப்பது பேர் வைத்த ஆன்டிபாடிகளை. இந்த லேபில் தேடுவது இன்னும் பேர் வைக்காத ஒன்றை. அதுவாக இருக்கக் கூடாதா? யாருக்கோ இருக்கத்தானே போகிறது, அது இவனாக இருந்தால் என்ன? தம்பிக்கு இந்த நோய் இருக்கட்டும் ஆண்டவரே என்று பூண்டி மாதா கோயில் பெஞ்சில் முட்டிபோட்டுக் கேட்ட அக்கா உலகத்தில் வேறு யாராவது உண்டா.

போன வாரம் ஊருக்குப் போய்ச் சாப்பாட்டு மேஜையிலேயே ரத்தம் எடுத்தாள். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பை விரலால் தடவிப் பார்த்தபோது அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஊசியைப் பார்த்தால் ஓடுகிறவன், கம்பெனி ஊசியால் எல்லாம் வந்தது என்கிறவன், சட்டையை மடித்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நீயாவது நம்புறியேக்கா," என்றான். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, டாக்டர் சொன்னபடி. ஆனால் ஊசி குத்தியாகிவிட்டதே. ஊசி குத்துவது ஆமாம் என்று சொல்வதுதானே. ரத்தம் குழாயில் ஏறுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெபமாலையை உருட்டினாள். குழாயை ஐஸ் கட்டிகளோடு டிபன் பையில் வைத்துப் பல்லவன் ரயிலில் ஏறி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். விழுப்புரத்துக்குப் பக்கம் எதிர் சீட்டு அம்மாள், "என்னம்மா, திறக்கவே மாட்டேங்கற, ஸ்பெஷலா ஏதும் செஞ்சு எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டாள். "தம்பி குடுத்தது," என்று ஜெசிந்தா சொன்னாள். "அக்கா மேல அவ்வளவு பிரியமா," என்றாள் அந்த அம்மாள். அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவன் மாத்திரையைத் தொடவில்லை. அதுதான் கணக்கு: அவனைக் காப்பாற்றுவதற்காக எடுத்த ரத்தம் அவன் மாத்திரையை நிறுத்தியிருக்கிறது. அவள் ஒன்றும் எடுக்காமல், சும்மா எதிர்வீட்டு மாமாவின் முட்டியைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தால், அவன் இந்நேரம் மாத்திரை போட்டுவிட்டு வாய் உலர்ந்து தூங்கிக்கொண்டிருப்பான்.

மூலையை அழுத்தினோமா?

மூலையில் வைத்ததே முதல் தப்பு. நாச்சியப்பன் சார், இந்த லேபின் தலைவர், புதிதாக வருகிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்கிற வார்த்தை அது: "ஓரக்குழி பொய் சொல்லும்மா. ஓரத்துல வர்ற எதையும் எங்கிட்டக் கொண்டு வராத." பிளேட்டின் ஓரங்களில் காற்று படும், தண்ணீர் ஆவியாகும், மிச்சம் கெட்டியாகி அடியில் ஒட்டிக்கொள்ளும், ஒன்றுமில்லாத இடத்தில் ஏதோ இருக்கிற மாதிரி நிறம் காட்டும். அதனால் ஓரம் சுற்றிலும் சும்மா பஃபரை, உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றை, ஊற்றி நிரப்பிவிட்டு நடுவில்தான் ஆட்களை வைப்பார்கள். நடுவில் இன்றைக்கு ஓர் இடம் காலியில்லை, எல்லாம் எழுத்தும் எண்ணுமாகச் சங்கேதம் போட்ட நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்து, ஓர் அனுமதி. அனுமதியில்லாத ஆளை வைக்க யாரும் திரும்பிப் பார்க்காத இடம் வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்காத இடம் ஓரம்தான். பேருந்தில் டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் போலப் பிரிட்டோவை மேல் இடது மூலையில் உட்கார வைத்தாள். அப்புறம் மனசு கேட்கவில்லை. நேர் எதிரே, கீழ் வலது மூலையில், சீரத்துக்குப் பதில் வெறும் பஃபரை விட்டு, மற்ற மருந்தெல்லாம் தம்பிக்குப் போட்டதைப் போலவே போட்டாள். திருட்டு வேலை செய்தாலும் அதிலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கன்ட்ரோல் வைக்காமல் கை ஓயாது, அப்படிப் பழக்கிவிட்டார்கள். நடுவில் இருக்கிற கன்ட்ரோல்கள் வேறு கதை. அங்கே கன்ட்ரோல் என்றால் நோயில்லாத ஆள், நார்மல். நார்மலுக்கு ஆள் கிடைக்காமல் போகும்போதெல்லாம் லேபில் இருக்கிறவர்களே சட்டையை மடித்துக் கையை நீட்டிவிடுவது இங்கே வழக்கம். சேர்ந்த வருஷம் அவளும் கொடுத்தாள். ஆக, இந்த ஊரில் யார் பைத்தியம், யார் இல்லை என்பதற்குக் கோடு போட்டிருப்பது, சரியாகச் சாப்பிடாத, தூங்காத, வேலை நீடிக்குமா என்று பயந்து கிடக்கிற நாலைந்து ஆராய்ச்சிக்காரர்களின் ரத்தம். அதில் ஒன்று இவளுடையது. கூடப்பிறந்தவனுக்கு நோய் என்றால் நார்மல் வரிசையிலிருந்து எழுந்துவிட வேண்டும், அதுவும் விதிதான். சாரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் தம்பியைச் சொல்ல வேண்டும். தம்பியைச் சொன்னால் நாளைக்கே தன் பிளேட்டைப் பார்க்கிற எல்லாக் கண்ணும் தன்னையும் சேர்த்துப் பார்க்கும். அவளும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியில் பல் தேய்க்கும்போது, மாடிப்படியில் யாரோ ஜெசி என்று கூப்பிட்ட மாதிரி இருந்து திரும்பும்போது. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீட்டுச் சோறு. ஃப்ரீசர் இரைச்சலுக்குள் சற்று முன்னே கேட்டது என்ன? ஒன்றுமில்லை, மோட்டார். மோட்டார்தான். மூலையை அழுத்தினாளா இல்லையா என்று இத்தனை தரம் கேட்டுக்கொள்வது மட்டும் ரொம்ப நார்மலா?

கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். பிளேட்டின் முன்பக்கம் மட்டும் தெரிந்தது.

"எட்டிப் பாத்தா சீக்கிரம் வெந்துடுமா?" என்று பின்னால் ஒரு குரல். நிஜமான குரல், பக்கத்து மேஜையில் வேலை செய்கிற தாஹிரா, கையில் சுடுதண்ணீர் பாட்டிலோடு.

"நீ இப்ப பேசினியா?"

"பின்ன யாரு பேசினா? முகம் ஏன் இப்படிக் கிடக்கு? சாப்டியா?"

"அப்புறம் சாப்பிடறேன்."

"கேன்டீன்ல லெமன் சாதம்தான் மிச்சம். அதுவும் நேத்தைய எலுமிச்சை." தாஹிரா போகப் போனவள் நின்றாள். "வீட்ல ஏதும் பிரச்னையா ஜெசி?"

இல்லை என்று தலையாட்டினாள். சொல்லிவிடலாம். நாலு வருஷமாக ஒரே சிங்க்கில் கை கழுவுகிறவள், கேட்டால் அழுதுவிடுவாள், கட்டிப் பிடித்துக்கொள்வாள், அப்புறம் கட்டாயம் கேட்பாள், ஒரு சாம்பிள் எடுத்துப் பார்க்கலாமே என்று. ஏனென்றால் ஜெசிந்தாவே அதைத்தானே செய்தாள். அழுவதற்கு முன்னால் ஊசியை எடுத்தாள். அது நினைவுக்கு வந்ததும் அப்படியே அந்த மேஜையில் தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிட வேண்டும் போல் இருந்தது. தூக்கமில்லை அது, ஓய்ச்சல். உட்கார்ந்த இடத்திலேயே ஆள் கரைந்துபோய் ஸ்டூலுக்கு அடியில் தேங்கி நிற்கிற மாதிரி ஓய்ச்சல். ஒரு நாளைக்காவது யாருக்கும் ஒன்றையும் கண்டுபிடித்துத் தரத் தேவையில்லாமல் இருந்தால் எப்படி இருக்கும்? காலையில் எழுந்து, பிரிட்டோவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து முக்கொம்புக்குப் போய், மீன் வறுவல் தின்றுவிட்டு, ஒன்றுக்கும் காரணம் கேட்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால். அவன் பார்ப்பானா, இல்லை தண்ணீர் பேசுகிறது என்பானா. தெரியாது. மணி அடித்தது. கடிகாரம்தான். ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது.

கதவைத் திறந்து பிளேட்டை வெளியே எடுத்தாள். மூலைகள் தூக்கிக்கொண்டிருந்தன. நான்குமே, காய்ந்த சருகு நுனி மாதிரி லேசாக மேலே சுருண்டு. அழுத்தாமல் விட்டதா, அழுத்தியும் சூட்டில் எழும்பிவிட்டதா, இனிமேல் யாரைக் கேட்டாலும் தெரியப்போவதில்லை. நின்றுகொண்டே தாளை உரித்தாள். கழுவினாள், தட்டினாள், திரும்பக் கழுவினாள், டிஷ்யூவில் கவிழ்த்துத் தட்டினாள். கை தன் பாட்டுக்குச் செய்தது. நிறம் காட்டும் திரவத்தை வரிசை வரிசையாக விட்டுவிட்டு இருட்டுக்காக அலமாரிக்குள் வைத்து, வாயில் அருள் நிறைந்த மரியே ஜெபத்தைப் பாதியில் தொடங்கிப் பாதியில் விட்டு, வெளியே எடுத்தாள். நடுவில் ஓரிரண்டு குழிகளில் மட்டும் நீலம் தலைகாட்டியிருந்தது. மேல் இடது மூலை நல்ல நீலம். வாசலில் பாத்திரத்தில் கரைத்த சொட்டு நீலம் மாதிரி, மழுப்பலே இல்லாத நீலம். இருக்கிறது. இருக்கிறதடா, பிரிட்டோ, உன் ரத்தத்தில் இருக்கிறது, நீ சொன்னது சரி, உனக்குப் பைத்தியமில்லை, மருந்து இருக்கிறது, நீ பழையபடி வெர்னியரைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவாய். சந்தோஷம் காது வரைக்கும் சூடாக ஏறியது. நிறம் அதற்கு மேல் ஏறாமல் நிறுத்துகிற அமிலத்தைச் சொட்டினாள், நீலம் பளிச்சென்று மஞ்சளாயிற்று. வரிசையாகச் சொட்டிக்கொண்டே வந்தாள், வரிசை வரிசையாக, கீழே, கீழே, கடைசி வரிசையின் கடைசிக் குழி வரைக்கும். ஒன்றுமே வைக்காத, வெறும் தண்ணீர் ஊற்றிய அந்த மூலையிலும் அவள் இதுவரை கவனிக்காத நீலம் இருந்தது, அதுவும் மஞ்சளாயிற்று. அதே மஞ்சள். மெஷினில் வைத்து அளந்து பார்க்கிற அளவுக்குக்கூட வித்தியாசமில்லை. அளந்தும் பார்த்தாள். தம்பி ஒரு மூலை, ஒன்றுமில்லாமை ஒரு மூலை, இரண்டுக்கும் ஒரே அளவு காட்டியது மெஷின். பொங்கி வந்த சந்தோஷம் எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உடம்புக்குள்ளேயே சுற்றிவிட்டு அடங்கியது. இது இல்லை என்றும் ஆகாது. இருக்கிறது என்றும் ஆகாது. ஒன்றுமே ஆகாது. ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் அங்கே ஒருவன் காத்திருந்ததுதான் மிச்சம்.

போன் அதிர்ந்தது. இந்தத் தடவை கையில் உறை இல்லை. வராந்தாவுக்குப் போய் ஏசி பெட்டிகள் வெக்கைக் காற்றை ஊதுகிற ஜன்னலோரம் நின்று எடுத்தாள்.

"அக்கா. வந்துருச்சா?"

ஒரே வார்த்தைதான் சொல்ல வேண்டும். இருக்கு என்று சொன்னால் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடுவான். இல்லை என்று சொன்னால் அக்காவும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று கதவைச் சாத்துவான். பொய் சொல்லி மாத்திரையை விழுங்க வைக்கலாம், தோசைக்குள் வைத்த மாதிரி. அவன் பிய்த்துப் பார்த்துவிடுவான்.

"உன் குழி மஞ்சளாயிருச்சுடா."

"அப்ப இருக்கு." அவன் மூச்சு வேகமாகக் கேட்டது. "நான் சொன்னேன்ல. அம்மா, அக்கா சொல்லுது பாரு..."

"இருடா. முழுசாக் கேளு. எதிர் மூலைல நான் ஒண்ணுமே வைக்கல. வெறும் தண்ணி. அதுவும் மஞ்சளாயிருச்சு. உன்னுது எவ்வளவோ, அதுவும் அவ்வளவு."

ஷன்டிங் யார்டில் ஏதோ எஞ்சின் நீளமாக ஊதுவது போனில் கேட்டது. அவனுக்கு அதில் வேறென்ன கேட்கிறதோ என்று பயமாக இருந்தது.

"ஜீரோ எரர்," என்றான் பிரிட்டோ. குரல் மாறியிருந்தது. கம்பெனியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே பேசுகிற குரல். "வெர்னியர் வாய மூடி வச்சிருக்கறப்பவே ரீடிங் காட்டுச்சுன்னா, அதை வச்சு எதை அளந்தாலும் செல்லாதுக்கா."

"ஆமாடா. அதான்."

"அக்கா."

"ம்."

"இங்க யாருமே பேசாதப்பவும் எனக்குக் கேக்குதுல்ல. அப்ப நானும் அப்படித்தானா? ஒண்ணுமே வைக்காதப்பவே காட்டுதா?"

ஜெசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆமாம் என்று சொல்லாதே, இல்லை என்று சொல்லாதே. கண்ணில் நிறைந்ததைத் துடைக்காமல் அப்படியே நின்றாள்.

"தெரியலடா, பிரிட்டோ."

"உனக்கேவா?"

"எனக்கே தெரியல. திரும்பப் போட்டுப் பாக்கணும், ஓரத்துல இல்லாம நடுவுல. முறையா டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, சார்கிட்டச் சொல்லி. நாளாகும்."

"எல்லாரும் தெரியும் தெரியும்ங்கறாங்க. அவங்களும் தெரியும்ங்கறாங்க," என்றான். எவர்கள் என்று அவள் கேட்கவில்லை. "தெரியலன்னு நீதான் சொல்ற."

"அது வரைக்கும் மாத்திரை போடுடா. எனக்காக."

"போடறேன். ஆனா தெரியாத வரைக்கும்தான். இருக்குன்னா அதுக்கு மருந்து குடு. இல்லன்னு வந்து சொன்னன்னு வையி, நான் நம்ப மாட்டேன், இதையும் தொட மாட்டேன். சொல்லிட்டேன்." அப்புறம் போனை விட்டுத் தள்ளி அவன் குரல் கேட்டது. "அம்மா, தண்ணி குடு." டம்ளர் மேஜையில் உரசுகிற சத்தம், அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம், ஒரு விழுங்கல். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் போனை வைத்தாள்.

உள்ளே வந்தபோது நாச்சியப்பன் சார் அவளுடைய பிளேட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல நல்லா வந்திருக்கும்மா. மூலை ரெண்டும் ஏன் இப்படி?"

"தாள் எழும்பிடுச்சு சார்."

"ஓரந்தானே. விடு," என்று பிளேட்டைக் கீழே வைத்தார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டு விஷயம். நார்மல்ல இருக்கற என் சாம்பிளை எடுத்துடணும்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், அவள் முகத்தைப் பார்த்தார், "என் ரூமுக்கு வாம்மா, ரெண்டு நிமிஷத்துல வா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நிமிஷத்தில் மேஜையைத் துடைத்தாள். பிரிட்டோவின் மிச்சச் சீரம் ஐஸில் இருந்தது, ஒரு விரற்கடைக் குழாயில், வெளிறிய மஞ்சளாக. அனுமதி கிடைக்கும், குழிகளில் ஒட்டுகிற புரதம் புதிதாக வந்து சேரும், அடுத்த பிளேட்டில் அவனுக்கு நடுவில் ஓர் இடம் கிடைக்கும். அங்கே பொய் இருக்காது. அங்கே என்ன வரும் என்று இத்தனை வருஷம் இந்தக் குழிகளைப் பார்த்தவளுக்குத் தெரியாதா; வெகு சிலர் என்றால் வெகு சிலர்தான், மற்ற எல்லாருக்கும் குழி தண்ணீராகத்தான் கிடக்கும். தண்ணீராகக் கிடந்தால் அன்றைக்கு அவன் டம்ளரைத் தள்ளிவிடுவான். தெரியவில்லை என்று அவள் சொல்கிற வரைக்கும்தான் அவன் விழுங்குவான். கண்டுபிடிக்க வேண்டும் என்று முட்டிபோட்டுக் கேட்டவளுக்கு, கண்டுபிடிக்காமல் இன்னும் கொஞ்ச நாள் கொடு என்று கேட்கிற நிலைமை வந்துவிட்டது, கேட்கவும் செய்தாள். ஃப்ரீசரைத் திறந்தாள், முகத்தில் குளிர் அடித்தது, குழாயைப் பின் தட்டின் ஆழத்தில், எளிதில் கைக்கு அகப்படாத இடத்தில் வைத்தாள். கதவைச் சாத்தி, மேல் மூலையையும் கீழ் மூலையையும் உள்ளங்கையால் அழுத்தினாள். அழுத்தியது நன்றாக நினைவிருக்க வேண்டும் என்று இன்னொரு முறையும் அழுத்திவிட்டுச் சாரின் அறைக்குப் போனாள்.